நாலு மணி நேரத்துக்காரர்

செத்தவர்களைக் குறை சொல்லக் கூடாது என்கிறார் என் வீட்டுக்காரர். கூடாதுதான். ஆனால் எங்கள் பக்கத்துக் கடைக்காரர் நினைப்பு வந்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் சாவுக்குப் போனேன். மாலை போட்டேன். அவர் பெண்டாட்டியைக் கட்டிக்கொண்டு அழுதேன், அதுவும் நடிப்பில்லை. வீட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தால், துக்கம் போயிருந்தது, கோபம் மட்டும் போகவில்லை.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வரிசைக் கடைகள். அதில் ஒன்று என் தையல் கடை, அதை ஒட்டி அவருடைய விமான டிக்கெட் கடை. நடுவில் சுவர் கிடையாது, ஒரு பிளைவுட் தடுப்புதான். அவர் அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் என் ஊசி ஆடும். அதனால் அவர் யாரிடம் என்ன பேசினாலும் என் காதில் விழாமல் இருந்ததே இல்லை. பெயர் எதற்கு? அவர் பிள்ளைகள் இதே ஊரில்தான் பிழைக்கிறார்கள். ஊரிலும் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டிக்கெட்காரர் என்றால் சின்னக் குழந்தையும் கை காட்டும். நான் மட்டும் என் மனசுக்குள் வேறு பெயர் வைத்திருந்தேன். அதைத்தான் மேலே தலைப்பாகப் போட்டிருக்கிறேன்.

ஏனென்றால் எந்த நாட்டைப் பற்றிக் கேட்டாலும் அவரிடம் பதில் ஒன்றுதான். துபாயா, நாலு மணி நேரம். மஸ்கட்டா, நாலு மணி நேரம்கூட ஆகாது. கிழக்கே திரும்பி சிங்கப்பூர் என்றாலும் நாலு மணி நேரம், கோலாலம்பூர் என்றாலும் அதே. கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஆனால் பொய் கிடையாது. சென்னையில் விமானம் தரையை விட்டு எழும்பி அந்த ஊரில் போய் இறங்குகிற நேரம் அவ்வளவுதான். பொய் சொல்கிற ஆளாக இருந்தால் நாலு திட்டுத் திட்டிவிட்டு மறந்திருப்பேன். இந்த மனுஷன் நிஜத்தைச் சொல்லியே ஆளைக் கவிழ்த்தவர். இப்போது எல்லோரும் போனிலேயே டிக்கெட் போடுகிறார்கள். என் மகள் ஒரு நாள் காட்டினாள், அதிலும் நாலு மணி நேரம் சொச்சம் என்றுதான் போட்டிருக்கிறது. போனைப் பிடுங்கிக் குப்பையில் போடலாம் போல இருந்தது.

அவர் கடைச் சுவரில் பெரிய உலகப் படம் ஒன்று ஒட்டியிருந்தது. யார் வந்தாலும் எழுந்து போய்க் கட்டைவிரலைச் சென்னையில் ஊன்றுவார், சுண்டுவிரலை மடக்கி துபாயைத் தொடுவார். "ஒரு சாண்கூட இல்ல, பாத்துக்கங்க" என்பார். அந்த விரலுக்கு அடியில் எத்தனை தண்ணீர் இருக்கிறது, எத்தனை பேர் வீட்டு அழுகை இருக்கிறது என்று கேட்க, டிக்கெட் வாங்க வந்தவர்களுக்கு வாய் வராது. படித்த பையன் ஒருவன் மட்டும் ஒரு தரம் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டான். டிக்கெட்காரர் சிரித்தார். "கிலோமீட்டர்லாம் பஸ்ஸுக்கும் லாரிக்கும்தாங்க. ஆகாசத்துல யாரு மைல்கல்லு நட்டு வச்சிருக்கான்?" என்றார். பையனும் சிரித்துவிட்டான். எனக்குத் தெரியும், துபாய் மூவாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. என் தம்பி அங்கேதான் இருந்தான், அதனால் தெரியும்.

தம்பியை அனுப்பியதும் இவர்தான். டிக்கெட் கடை என்று பேர், ஆள் அனுப்புகிற வேலையும் சேர்ந்தே நடந்தது. தம்பி முதல் லீவில் ஊருக்கு வரும்போது, விமானம் ஏறிவிட்டேன் என்று போன் செய்தான். எங்கள் அம்மா இவரிடம் ஓடிவந்து கேட்டாள். இவர் வழக்கமான பதிலைச் சொன்னார். அம்மா நேராக மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கி, ஆய்ந்து, குழம்பு வைத்து, சோறும் வடித்து வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாள். தம்பி மறுநாள்தான் வந்தான். பெட்டி வருவதற்குக் காத்திருந்து, சென்னையில் பஸ் கிடைக்காமல் அலைந்து, விழுப்புரத்தில் மாறி, முகம் வெளிறி வந்து இறங்கினான். சோறு ஊசிப்போயிருந்தது. அம்மா இவரிடம் சண்டைக்குப் போனாள். "விமானம் கரெக்டா எறங்கிடுச்சுங்களே. வேணும்னா உங்க புள்ளையக் கேளுங்க. மத்ததுக்கு பஸ்காரன்தான் பதில் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு, அம்மாவுக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார். திட்டப் போனவள் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள். அப்படி ஒரு வாய் அவருக்கு.

நல்ல மனுஷன் இல்லையா என்றால், நல்ல மனுஷன்தான். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத்தான் பாவம். வெளிநாட்டுக்குப் போகிறவர்களின் பெட்டியைத் தானே தூக்கிப் பார்த்து எடை சொல்வார். யாராவது ஊறுகாய்ப் பொட்டலத்தை மறந்துவிட்டுப் போனால் செருப்புக்கூடப் போடாமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுவார். வந்தவர்களுக்கு டீ வாங்கித் தராமல் அனுப்பியதே இல்லை. அதனால்தான் ரிஷிவந்தியம், திருக்கோவிலூர் என்று சுற்றுவட்டாரம் முழுக்க அவரை நம்பியது. கெட்டவன் ஒருத்தன் ஏமாற்றினால் ஜனங்கள் உஷாராகிவிடுவார்கள். இவரிடம் எப்படி உஷாராவது?

அவரிடம் வந்தவர்களில் ஒரு மலைக்கார அக்கா எனக்கு முன்பே பழக்கம். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் அப்பால் உள்ளே ஒரு சின்ன ஊர். வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ ஜாக்கெட் என்னிடம்தான் தைப்பாள். அளவு எடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வாள், விடு அக்கா என்று நான் அதட்ட வேண்டும். புருஷனைப் புரோக்கர்கள் ஆந்திராவுக்குத் திருட்டுத்தனமாகச் செம்மரம் வெட்டக் கூட்டிப் போனார்கள். கூலி ஜாஸ்தி என்று சொல்லி லாரியில் ஏற்றினார்கள். போனவன் ஜெயிலில் கிடந்து, நோயோடு திரும்பி, வந்த கொஞ்ச நாளில் செத்துப்போனான். மிச்சம் ஒரே பையன். அவன் தலையெடுத்ததும் அதே புரோக்கர்கள் வந்து வாசலில் நின்றார்கள். ஆந்திரா மட்டும் வேண்டாம், வேறு எங்கேயாவது பக்கத்தில் என் பிள்ளைக்கு வேலை வேண்டும் என்றுதான் அவள் பையனையும் கூட்டிக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வந்தாள். பக்கத்தில் வேலை கேட்டவளை யாரோ டிக்கெட்காரரிடம் அனுப்பி வைத்தார்கள். அந்தப் புண்ணியவான் யார் என்று இன்றுவரை தெரியவில்லை.

மலையில் தூரத்தை நேரத்தால்தான் சொல்வார்கள். ஏற்றமும் இறக்கமுமான இடத்தில் கிலோமீட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கீழ்க்காட்டுக்கு ஒரு வாய் வெற்றிலை மென்று துப்புகிற நேரம். அடுத்த ஊருக்குப் போக ஒரு பானைச் சோறு வேகிற நேரம். சந்தைக்கு என்றால் காலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் வீடு. அவளுக்குத் தெரிந்த அளவுகோல் அதுதான். அதனால் அவள் அவரிடம் எந்த நாடு என்று கேட்கவில்லை, என்ன வேலை என்றும் முதலில் கேட்கவில்லை.

"எவ்ளோ நேரம் ஆவும் சாமி?" என்றுதான் கேட்டாள்.

"நாலு மணி நேரம்மா."

"ஆந்திராவுக்கு?"

"அது லாரியில ஏத்திக்கினு போனா ஒரு ராவு முழுக்க ஆவும்."

தடுப்பின் இடுக்கு வழியாக அவள் முகத்தைப் பார்த்தேன். அத்தனை நிம்மதியாக நான் அவளைப் பார்த்ததில்லை. "அப்ப அத்த விட இது பக்கம். சந்தைக்கு வந்துட்டுப் போற மாதிரி" என்றாள்.

"அதேதாம்மா" என்றார் அவர்.

அந்த ஒரு வார்த்தையை நான் எந்த ஜென்மத்திலும் மன்னிக்க மாட்டேன். அவளுக்குப் புரியவில்லை என்பது அவருக்குப் புரிந்திருந்தது. சந்தை என்று அவள் சொன்னபோது திருத்தியிருக்கலாம், சும்மாவாவது இருந்திருக்கலாம். நான் எழுந்து போனேன். அக்கா, நம்பாதே, அது கடல் தாண்டி இருக்கிற தேசம், என் தம்பியே வருஷக்கணக்கில் வர முடியாமல் கிடக்கிறான் என்றேன். டிக்கெட்காரர் கோபித்துக்கொள்ளவே இல்லை. தையல்காரம்மாவுக்குத் தம்பி நினைப்பு வந்துவிட்டது, அந்த ஏக்கத்தில் பேசுகிறார் என்று சிரித்தபடி எனக்கும் ஒரு டீ சொன்னார். அவள் என்னையே பார்த்தாள். "நீ சொல்லு கண்ணு, எவ்ளோ நேரம்?" என்றாள். நான் என்ன சொல்வேன்? நேரம் நாலு மணிதான், ஆனால் தூரம் என்றேன். அவள் காதுக்கு அது பைத்தியக்காரி பேச்சு. பாவம், இவளுக்கு என்ன கஷ்டமோ என்கிற மாதிரி என்னைப் பார்த்துவிட்டு, பையன் பக்கம் திரும்பி, சரி, போய்ட்டு வா என்பது போலத் தலையசைத்தாள். டீயை நான் தொடவில்லை.

பையன் போன அதே வருஷம் டிக்கெட்காரர் மகளுக்கு வரன் பார்த்தார்கள். சென்னையில் ஒரு மாப்பிள்ளை வந்தான். நல்ல படிப்பு, நல்ல வேலை, கெட்ட பழக்கம் இல்லை, பெண்ணுக்கும் பிடித்திருந்தது. இவர் வேண்டாம் என்றுவிட்டார். கடைசியில் அடுத்த தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற வீட்டில் கொடுத்தார். கல்யாண ஜாக்கெட் தைத்தவள் நான், அதனால் ஏன் அந்தச் சென்னை இடத்தை விட்டீர்கள் என்று வாயை விட்டுக் கேட்டேன். "மெட்ராசு எவ்ளோ தூரம்! ஒரு அவசரம் ஆத்திரம்னா பெத்தவன் ஓடிப்போயி பாக்க வேணாமா?" என்றார், கண்ணில் ஈரத்தோடு. என் கையில் கத்திரிக்கோல் இருந்தது. அவர் மகள் துணி என்பதால் தப்பித்தது.

அடுத்த ஆடியில் மலையில் திருவிழா. அந்த அக்கா புது ஜாக்கெட் வாங்க வந்தாள். முகம் கடுகடுவென்று இருந்தது. திருவிழாவுக்குப் பையன் வரவில்லை. லீவு கிடைத்திருக்காது அக்கா என்றேன். அவளுக்கு வந்ததே கோபம். வர நாலு மணி நேரம், போக நாலு மணி நேரம், ஒரே பகலில் முடிகிற காரியத்துக்கு எதற்கு லீவு என்றாள். அடுத்த மலையில் பெண் கட்டியவர்கள் எல்லாம் அதைவிட ஜாஸ்தி நேரம் நடந்து வந்து சாமி கும்பிட்டுவிட்டுப் போகிறார்களாம். "பக்கத்துல இருந்துகினே வரல. காசு கண்டதும் மனசு மாறிட்டான்" என்றாள்.

பிள்ளை எங்கேயோ வெயிலில் கம்பி கட்டிக்கொண்டு, ராத்திரி அம்மாவை நினைத்துக்கொண்டு கிடப்பான். இங்கே அம்மா அவனைத் தறுதலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். தூரம் என்று தெரிந்திருந்தால் அழுதிருப்பாள், அழுதுவிட்டு அவனுக்காக ஒரு விளக்கு ஏற்றியிருப்பாள். பக்கம் என்று சொன்னதால் அவளால் அழக்கூட முடியவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனது போதாது என்று, அவன் மேல் இருந்த பிரியத்தையும் அல்லவா அந்த நாலு மணி நேரம் கெடுத்துவிட்டது! அன்றைக்கே போய்க் கேட்டேன். நான் பொய் சொல்லவில்லையே அம்மா என்றார் டிக்கெட்காரர். அவர் சொன்னது வாஸ்தவம்தான், அதற்காகவே இன்னும் நாலு வார்த்தை கூடக் கேட்டுவிட்டு வந்தேன்.

பிறகு மழை விட்டிருந்த ஒரு காலையில், வெள்ளிமலை முதல் பஸ்ஸில் அவள் வந்து இறங்கினாள். கையில் ஒரு துணி மூட்டை. சாமைச் சோறு, துவையல், ஒரு பாட்டிலில் மிளகும் என்னென்னவோ மூலிகையும் போட்டுக் காய்ச்சிய கஷாயம், பையனின் பழைய போர்வை. பையனுக்குக் காய்ச்சலாம், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறானாம். டிக்கெட்காரர் முன்னால் போய் நின்று டிக்கெட் போடச் சொன்னாள். பகலில் போய்ப் பார்த்து, கஷாயத்தைக் குடிக்க வைத்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு வந்துவிட வேண்டும், ஆடுகளைப் பக்கத்து வீட்டில் சாயங்காலம் வரைக்கும்தான் பார்க்கச் சொல்லியிருக்கிறேன் என்றாள்.

இப்போதாவது சொல்வார் என்று நான் மிஷினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். பாஸ்போர்ட் வேண்டும், விசா வேண்டும், நினைத்த மாத்திரத்தில் போகிற இடம் இல்லை என்று ஒரு வார்த்தை. அவர் சொன்னார், இன்றைக்கு சீட்டு இல்லையம்மா, செவ்வாய்க்கிழமை வாங்க என்று. டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார். அவள் போன பிறகு, அநியாயமாக இருக்கிறதே அண்ணா என்று நான் சத்தம் போட்டேன். அழுவாங்கம்மா, எப்படிச் சொல்வது என்றார். அவள் அழுகையைப் பார்க்க இவருக்குத் தெம்பு இல்லையாம், அதற்காக அவள் மலையேறி இறங்க வேண்டுமாம். செவ்வாய்க்கிழமையும் வந்தாள். புதுசாகச் சமைத்த சோறு, புதுசாகக் காய்ச்சிய கஷாயம். வானம் சரியில்லை, விமானம் கிளம்பவில்லை என்றார். நான் அவள் பின்னாலேயே பஸ் வரைக்கும் ஓடிப்போய் நிஜத்தைச் சொன்னேன். டிக்கெட் போடுகிறவர் சொல்வதை விட்டு ஜாக்கெட் தைக்கிறவள் சொல்வதை அவள் எதற்கு நம்புவாள்? அடுத்த வாரமும் வந்தாள்.

பையன் பிழைத்துக்கொண்டான், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் படிக்கிறவர்களுக்கு மனசு கிடந்து அடிக்கும். காய்ச்சல் இறங்கி, அக்ரிமெண்ட் முடிந்து, ஊர் வந்து சேர்ந்தான். இப்போது மலையில் மரவள்ளி போட்டிருக்கிறான். ஆனால் அந்த மூன்றாம் தரம் அவள் வந்து நின்றபோது அது யாருக்கும் தெரியாது. போன தரம் பேசியபோது அவன் குரலே எழும்பவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இவர், அடுத்த வாரம் என்று வாயெடுத்தார். எனக்கு எப்படித்தான் வந்ததோ ஆங்காரம், தைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு, கழுத்தில் தொங்குகிற இஞ்ச் டேப்போடு போய் அவர் மேஜைக்கு முன்னால் நின்றேன்.

"ண்ணா, உங்க பொண்ண ஏன் மெட்ராசுக்குக் குடுக்கல?"

அவர் என்னைப் பார்த்தார்.

"மெட்ராசு தூரம்னு சொன்னீங்க இல்ல? இந்தம்மா புள்ள இருக்கற எடம் தூரமா, பக்கமா? நாலு மணி நேரக் கதைலாம் வாணாம். தூரமா, பக்கமா? உங்க வாயால சொல்லுங்க."

டீக்கடைப் பக்கம் நின்றவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். டிக்கெட்காரர் மேஜையில் இருந்த பேனாவை எடுத்தார், வைத்தார். முகம் வேர்த்துவிட்டது. இத்தனை வருஷம் அந்தத் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவோ பேச்சுக் கேட்டிருக்கிறேன், வெளிநாட்டைப் பற்றி அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவர் வாயிலிருந்து கேட்டதே இல்லை.

"தூரம்தாம்மா" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "ரொம்ப தூரம். கடலத் தாண்டி. நெனச்ச நாளைக்கு நீங்க போவ முடியாது. அவனும் கெடு முடியாம வர முடியாது. நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

அவள் அழுவாள் என்று நினைத்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவர் மேல் மண்ணை வாரித் தூற்றுவாள் என்றும் நினைத்தேன், தூற்றட்டும் என்றுதான் காத்திருந்தேன். அவள் இரண்டும் செய்யவில்லை. என்னவோ தப்பாகக் கணக்குச் சொன்ன பிள்ளையைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தாள்.

"இல்ல சாமி, உனக்குத் தெரில" என்றாள். "காலையில டவர் கெடைக்கற பாறை மேல நின்னு அவனுக்குப் போன் பண்ணிட்டுத்தான் பஸ் ஏறனேன். அம்மா கெளம்பிட்டேன்டா, வந்துகினே இருக்கேன்னு சொன்னேன். மூணு தபாவும் சொல்லிட்டுத்தான் வந்தேன். மூணு தபாவும், சரிம்மா, பாத்து வான்னான்."

மூட்டையை இடுப்புக்கு ஏற்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லு கண்ணு. தூரமா இருந்தா எம்புள்ள எதுக்கு வான்னு சொல்றான்?"